பழகிய மென்பொருள்களை விட்டு லினக்ஸுக்கு மாறும்போது: பெயருக்குப் பெயர் மாற்று தேடலாமா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். பல வருடமாக விண்டோஸ் 10 வைத்திருக்கிறீர்கள். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறாது. அதனால் லினக்ஸ் மின்டு என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற நினைக்கிறீர்கள். வேர்டு, எக்செல், அவுட்லுக், போட்டோஷாப், இர்ஃபான்வியூ (படம் பார்க்க), ஃபூபார்2000 (பாட்டுக் கேட்க), நோட்பேட் பிளஸ் பிளஸ் (குறிப்பு எழுத), மைக்ரோசாஃப்ட் மணி (வீட்டுக் கணக்கு) என்று ஒரு வரிசை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே லினக்ஸில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு பழைய ஸ்கேனர். கேட்டது பெயர்ப் பட்டியல்தான். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் "மாறிய பிறகு எதையாவது இழந்துவிட்டோம் என்று தெரியவந்தால்?" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பட்டியலை ஒரு நிமிடத்தில் தந்துவிடலாம். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக் கணினிகளை ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்பவன் என்ற முறையில், பார்த்ததையும் கற்றதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. ஆனால் வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும் என்று மைக்ரோசாஃப்டே ஒரு வழி கொடுத்திருக்கிறது. அந்த அவகாசம் இருக்கும்வரை அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்றால், மாற்றத்தில் கடினமான பகுதி முழுவதும் பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது. ஹார்டு டிஸ்க்கை அழித்து மின்டை நிறுவிய பிறகு "இந்தக் கோப்பை எப்படித் திறப்பது?" என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். அந்தக் கோப்பை வெளியே எடுக்கத் தெரிந்த ஒரே மென்பொருள் அதற்குள் அழிந்துபோயிருக்கும்.

ஒரு மென்பொருளுக்கு மாற்று தேடும்போது நாம் அதன் முகத்தைப் பார்க்கிறோம்: பட்டன்கள் எங்கே, மெனு எப்படி. பார்க்க வேண்டியது அது சேமித்து வைத்திருக்கும் பொருளை. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு கேள்வி எழுதுங்கள். இதை வைத்து நான் உண்மையில் என்ன செய்கிறேன்? நான் செய்தது எந்தக் கோப்பில், எந்த வடிவத்தில், எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டதுமே பட்டியல் தானாக இரண்டாகப் பிரியும். படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, ஜிப் பிரிப்பது போன்றவற்றுக்கு உரிய கோப்புகள் எல்லா இடத்திலும் திறக்கும். அங்கே மாற்று என்பது வெறும் பழக்கப் பிரச்சினை. அஞ்சல், கணக்கு, புகைப்படத் தொகுப்பு, குறிப்பேடு போன்றவை தங்களுக்கென்று ஒரு தரவுத்தளம் வைத்துக்கொள்பவை. கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றி மட்டும்தான்.

சுலபமான பகுதியை வேகமாக முடித்துவிடுகிறேன். இர்ஃபான்வியூ லினக்ஸுக்குக் கிடையாது. அதன் இடத்தில் எக்ஸ்என்வியூ எம்பியைப் போடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், ஒரே அடியில் நூறு படத்தின் அளவைக் குறைக்கும் வேலையையும் செய்யும். வெறுமனே படம் பார்த்தால் போதும் என்றால் மின்டோடு வரும் பட உலாவியே போதுமானது. நோட்பேட் பிளஸ் பிளஸுக்குப் பதில் கேட் அல்லது ஜீனி. எக்ஸ்என்வியூ, கேட், ஜீனி மூன்றுக்குமே விண்டோஸ் பதிப்பும் உண்டு என்பதைக் கவனியுங்கள். அது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறேன். விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆடாசிட்டி, ஹேண்ட்பிரேக், கேலிபர் போன்றவற்றை ஏற்கெனவே வைத்திருந்தால் அவை அப்படியே அங்கேயும் இருக்கின்றன. கடவுச்சொற்களை கீபாஸில் வைத்திருப்பவர்கள் அந்த ஒரே கோப்பைக் கீபாஸ்எக்ஸ்சியில் திறந்துவிடலாம்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பலர் அதில் "நியூ 1", "நியூ 2" என்று சேமிக்காத தாள்களை வரிசையாகத் திறந்து வைத்திருப்பார்கள். மூடித் திறந்தாலும் அவை அப்படியே இருக்கும், அதனால் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை. சேமிக்கப்பட்டுத்தான் இருக்கிறது, ஆனால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இல்லை. ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் நோட்பேட் பிளஸ் பிளஸின் பேக்கப் ஃபோல்டரில் கிடக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை அழித்தால் அந்தத் தாள்கள் போயே போச்சு. விண்டோஸின் ஸ்டிக்கி நோட்ஸும் இதே கதைதான். அந்த மஞ்சள் சீட்டுகளெல்லாம் ஆப்டேட்டாவுக்குள் ஒரே ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கின்றன. ஆகவே அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அதோடு ஆப்டேட்டா ஃபோல்டர் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். அதில் பாதிக்கு மேல் குப்பைதான், இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்டிரைவ் வைத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள். கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால், அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபோல்டரை வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகே நகலெடுக்க வேண்டும். லினக்ஸுக்கு ஒன்டிரைவின் அதிகாரபூர்வ மென்பொருள் இல்லை, கூகுள் டிரைவுக்கும் இல்லை, டிராப்பாக்ஸுக்கு உண்டு. ஆர்குளோன் போன்ற கருவிகளால் மற்ற இரண்டையும் இணைக்க முடியும், ஆனால் புதிதாக வருபவருக்கு அது முதல் வாரத்து வேலை அல்ல. உலாவியில் திறந்து பயன்படுத்துங்கள், போதும்.

இனி கடினமான பகுதி. உங்கள் பட்டியலில் அதிகக் கவனம் கேட்பது அவுட்லுக். உங்கள் கணக்கு ஐமேப் முறையில் இருந்தால் அஞ்சல்கள் எல்லாம் வழங்கியிலேயே (அஞ்சல் சேவை தருபவரின் கணினியிலேயே) இருக்கும். லினக்ஸில் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் தானாக இறங்கிவிடும். அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இருந்தாலோ, பழைய அஞ்சல்களை ஆர்க்கைவ் செய்திருந்தாலோ, அவை உங்கள் டிஸ்க்கில் ஒரு பிஎஸ்டி கோப்புக்குள் மட்டும்தான் இருக்கின்றன. அவுட்லுக்கின் கணக்கு அமைப்புகளுக்குள் போய்த் தரவுக் கோப்புகள் என்ற தாவலைப் பார்த்தால் எந்தெந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பிஎஸ்டி இருந்தால் வேலையை விண்டோஸிலேயே முடிக்க வேண்டும். லினக்ஸில் இருக்கும் தண்டர்பேர்டுக்கு அவுட்லுக்கிடம் பேசத் தெரியாது. விண்டோஸில் இருக்கும் தண்டர்பேர்டுக்குத் தெரியும், அதுவும் அதே கணினியில் பழைய கிளாசிக் அவுட்லுக் நிறுவப்பட்டிருந்தால். எனவே விண்டோஸில் தண்டர்பேர்டை நிறுவி, அதன் இறக்குமதி வசதி வழியாக அஞ்சல்களையும் முகவரிகளையும் கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததும் நாலைந்து பழைய அஞ்சல்களைத் திறந்து இணைப்புகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபோல்டர்களில் இருக்கும் அஞ்சல் எண்ணிக்கையை அவுட்லுக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு உதவி மெனுவில் பிழைதிருத்தத் தகவல் பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் (உங்கள் அஞ்சலும் அமைப்புகளும் இருக்கும் இடம்) எது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை நகலெடுத்து, லினக்ஸ் தண்டர்பேர்டின் புரொஃபைல் இடத்தில் வைத்தால் அஞ்சல், கணக்கு, வடிகட்டிகள் எல்லாம் அப்படியே வரும். ஒரே நிபந்தனை: லினக்ஸில் இருக்கும் பதிப்பு விண்டோஸில் இருந்ததற்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். பழையதாக இருந்தால் அந்தப் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். நாட்காட்டியில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளைத் தனியாகச் சரிபாருங்கள், அவை இறக்குமதியில் அடிபடுவதைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸை ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு ரீட்பிஎஸ்டி என்ற லினக்ஸ் கருவி உண்டு. அஞ்சல்களைப் பெரும்பாலும் மீட்டுத் தரும். ஆனால் அது கடைசி வழி.

அடுத்து மைக்ரோசாஃப்ட் மணி. இதன் விற்பனை 2009-லேயே நின்றுவிட்டது; இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே பெரிது. மாற்றாக குனுகேஷ், ஹோம்பேங்க், கேமைமணி என்று மூன்று இருக்கின்றன. குனுகேஷ் இரட்டைப் பதிவு முறையில் (ஒவ்வொரு தொகையும் இரண்டு கணக்கில் பதிவாகும்) இயங்குவது. கணக்கியல் தெரிந்தவருக்கு அதுதான் பிடிக்கும், தெரியாதவருக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். வரவு, செலவு, மாதக் கடைசியில் ஒரு வரைபடம் போதும் என்றால் ஹோம்பேங்க் எளிது. மணியிலிருந்து தரவு வெளியே வரும் வழி கியூஐஎஃப் என்ற வடிவம். ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். இதில் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று தேதி: 03/04 என்று இருந்தால் அது ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்று கோப்பில் எங்கும் சொல்லியிருக்காது. குனுகேஷ் சந்தேகம் வந்தால் கேட்கும். கவனிக்காமல் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனால் பாதிப் பதிவுகள் வேறு மாதத்தில் போய் உட்காரும். இரண்டாவது, சேமிப்புக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணம் இரண்டு கோப்பிலும் இருக்கும். எல்லாக் கோப்பையும் ஒரே இறக்குமதியில் சேர்த்துக் கொடுத்தால் ஜோடியைக் கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும். தனித்தனியாக இறக்கினால் இரட்டிப்பாகும் ஆபத்து இருக்கிறது. முடித்ததும் ஒவ்வொரு கணக்கின் இறுதி இருப்பும் இரண்டு மென்பொருளிலும் காசு சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் வருடவாரியாக இருப்பைப் பார்த்துக்கொண்டே வந்தால் எந்த வருடத்தில் பிசகியது என்று பிடிபடும். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகள் இந்த வழியில் சுத்தமாக வரும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். அவற்றுக்குப் பழைய விவரங்களை அறிக்கையாக அச்செடுத்து பிடிஎஃப் ஆக வைத்துக்கொண்டு, ஒரு தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குவதே நிம்மதி.

வேர்டு, எக்செல் பற்றி இணையத்தில் இரண்டு கட்சி. இலவச ஆபிஸ் தொகுப்பான லிப்ரே ஆபிஸ் அத்தனையும் செய்யும் என்பது ஒன்று, எதுவும் சரிவராது என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். கடிதம், பட்டியல், சாதாரண அறிக்கை என்றால் பிரச்சினையே இல்லை. பக்கம் தள்ளிப்போவதாகப் புலம்புபவர்கள் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் எழுத்துரு. கேலிப்ரி, கேம்ப்ரியா இரண்டும் மைக்ரோசாஃப்டுடையவை, லினக்ஸில் இருக்காது. கார்லிட்டோ, கலாடியா என்ற இலவச எழுத்துருக்கள் அவற்றுக்கு அகலம் துல்லியமாகப் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நிறுவினால் வரி முறிவும் பக்க முறிவும் பெரும்பாலும் பழையபடி நிற்கும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் எழுத்துருக்கள் இதே வேலையைச் செய்கின்றன. எழுத்துருவையும் மீறித் தடுமாறுவது உரைப்பெட்டி, படம், அட்டவணை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஆவணங்கள்தான். தோற்றம் துளியும் மாறக் கூடாது, அடுத்தவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் ஒன்லிஆபிஸையும் ஒருமுறை முயன்று பாருங்கள்; அதன் முகம் மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு நெருக்கமானது.

எக்செலில் சூத்திரங்கள் கிட்டத்தட்ட எல்லாம் வரும். ஆனால் எக்ஸ்லுக்கப் என்ற தேடும் சார்பைப் பயன்படுத்துபவராக இருந்தால் ஒரு சின்ன விஷயம் உங்களைக் காப்பாற்றும்: அந்தச் சார்பு லிப்ரே ஆபிஸில் 24.8 பதிப்பில்தான் வந்தது. மின்டு 22 உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதன் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது 24.2. அதில் திறந்தால் அந்தச் செல்கள் பிழை காட்டும், நீங்களும் லிப்ரே ஆபிஸ் உதவாது என்று முடிவுகட்டிவிடுவீர்கள். மின்டின் மென்பொருள் மேலாளரிலேயே ஃபிளாட்பேக் (தனிப் பொதியாக வருவது) பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் புதியது கிடைக்கும். மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) வேறு கதை. எக்செலின் விபிஏ மொழியில் எழுதியவற்றில் எளிய சிலது ஓடும், பல ஓடாது. வெளித் தரவை இழுத்துச் சீராக்கும் பவர் குவெரி அறவே இல்லை. உங்கள் கோப்பில் இவை இரண்டும் இல்லை என்றால் நிம்மதியாக மாறலாம். இருந்தால் அந்தக் கோப்புகளுக்காக மட்டும் விண்டோஸை ஒரு மூலையில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

போட்டோஷாப்புக்கு எதிரே எல்லோரும் எழுதும் பெயர் கிம்ப். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. வீட்டில் போட்டோஷாப் வைத்திருப்பவர் அதில் என்ன செய்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, படத்தின் மேல் நாலு வார்த்தை எழுதுவது என்ற அளவில்தான் இருக்கும். அதற்குக் கிம்ப்பைக் கற்றுக்கொள்வது வீண் சிரமம். பின்டா போதும், கேமரா படங்களைத் தொகுத்து வைத்துத் திருத்த டிஜிகேம் போதும். வரைபவருக்குக் கிரிட்டா கிம்ப்பைவிட நன்றாகப் பொருந்தும். உண்மையிலேயே அடுக்குகளும் முகமூடிகளும் தேவைப்படுகிறவருக்குத்தான் கிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், வடிகட்டிகளை மூலப்படத்தைக் கெடுக்காமல் மேலே போட்டு, பிறகு மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளைப் பற்றிய பழைய புகார்களில் சிலது இப்போது செல்லாது. ஏற்கெனவே இருக்கும் போட்டோஷாப் பிஎஸ்டி கோப்புகளில் அடுக்குகள் வரும், ஆனால் எழுத்து அடுக்குகள் வெறும் படமாகிவிடுவதும் நிழல் போன்ற விளைவுகள் மாறிவிடுவதும் சகஜம். (அவுட்லுக்கின் அஞ்சல் கோப்புக்கும் இதே பிஎஸ்டி என்ற பெயர் தமிழில் வந்து தொலைக்கிறது, இரண்டும் வேறு.) அப்படிப்பட்ட கோப்புகளை உலாவியில் இயங்கும் போட்டோபியாவில் திறந்து பாருங்கள், பல சமயம் கிம்ப்பைவிட ஒழுங்காகத் திறக்கும். படம் உங்கள் கணினியை விட்டு எங்கும் போவதில்லை, திருத்தம் உலாவிக்குள்ளேயே நடக்கிறது.

புகைப்படங்களைத் தொகுத்துத் திருத்தும் லைட்ரூம் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் இதைப் படிக்கும் யாராவது வைத்திருப்பார்கள். டார்க்டேபிளும் ராதெரபியும் நல்ல கருவிகள். ஆனால் நீங்கள் ஒவ்வொரு படத்திலும் செய்த திருத்தங்கள் என்பவை லைட்ரூமின் சொந்தக் கணக்கு. அதே தோற்றத்தை வேறு எதுவும் திரும்பக் கொண்டுவராது. நட்சத்திரக் குறிகள், குறிச்சொற்களை, படத்தோடு சேர்ந்து இருக்கும் எக்ஸ்எம்பி கோப்பில் எழுதும்படி சொல்லிவிட்டு, பிடித்த படங்களின் முடிந்த வடிவத்தை ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஃபூபாரை விடுவது பலருக்கு மனவருத்தம். நெருங்கிய உறவு டெட்பீஃப். பெரிய தொகுப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஸ்டிராபெரி. பாடல்கள் சிக்கல் இல்லை, பாடல் பட்டியல்கள்தான் சிக்கல். ஃபூபாரின் சொந்த எஃப்பிஎல் வடிவம் வேறெதிலும் திறக்காது, எம்3யு8 ஆகச் சேமியுங்கள். அந்தக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் டி டிரைவ், பின்சாய்வுக்கோடு என்று விண்டோஸ் முகவரி இருக்கும். ஒரு தேடி மாற்றும் கட்டளையில் அவற்றை லினக்ஸ் முகவரியாக்கிவிடலாம். அப்படியும் சில பாட்டு பாடாது. லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதால், ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கோப்பைக் காணோம் என்று சொல்லும். எத்தனை தடவை கேட்டேன், எத்தனை நட்சத்திரம் கொடுத்தேன் என்ற விவரங்கள் ஃபூபாரின் உள் தரவுத்தளத்தில் இருக்கும். அவை வேண்டும் என்றால் கோப்புகளின் டேக்கில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.

இப்போது, இரண்டு பக்கமும் ஓடும் மென்பொருள் ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். என் யோசனை இதுதான்: லினக்ஸை நிறுவுவதற்கு முன்பே, விண்டோஸில் இருந்துகொண்டே மாற்று மென்பொருள்களுக்கு மாறிவிடுங்கள். லிப்ரே ஆபிஸ், தண்டர்பேர்டு, குனுகேஷ், கிம்ப், எக்ஸ்என்வியூ, கேட் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் பதிப்பு இருக்கிறது. ஒவ்வொன்றாக, ஒன்று பழகிய பிறகு அடுத்தது. பிடிக்கவில்லை என்றால் பழையது பக்கத்திலேயே இருக்கிறது, திரும்பிக்கொள்ளலாம். இயங்குதளத்தையும் மென்பொருளையும் ஒரே நாளில் மாற்றினால், எது தொந்தரவு செய்கிறது என்றே பிரித்துத் தெரியாது. கோபம் முழுவதும் லினக்ஸ் மேல் விழும். முன்கூட்டியே மாறிக்கொண்டவருக்கு லினக்ஸ் நிறுவிய மறுநாள் டெஸ்க்டாப் பின்னணிதான் வேறு, வேலை அதே வேலை.

சோதிக்கும்போது புதிய வெற்று ஆவணம் திறந்து நாலு வரி தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான கோப்பைத் திறங்கள்: அறுபது பக்க ஆவணம், ஏழு தாள் இருக்கும் எக்செல், இருபது அடுக்கு இருக்கும் படம். அதைத் திருத்தி, சேமித்து, மூடி, பழைய மென்பொருளில் மறுபடி திறந்து பாருங்கள். அது தேறினால் மற்றதெல்லாம் தேறும். ஆல்டர்நேட்டிவ்டு போன்ற தளங்கள் பெயர்களைத் தெரிந்துகொள்ள உதவும், ஆனால் அங்கே விழும் வாக்குகள் பிரபலத்தைத்தான் காட்டுகின்றன. ஒரு பெயர் கண்ணில் பட்டதும் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள், தரவை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் தொட வேண்டாம். நிறுவும்போது கண்ட தளத்திலிருந்தும் இறக்காமல் மின்டின் மென்பொருள் மேலாளர் வழியாகவே போங்கள். ஃபிளாட்பேக் பதிப்பில் ஒரு மென்பொருள் உங்கள் வேறு டிரைவில் இருக்கும் கோப்பைப் பார்க்க மறுத்தால் பதற வேண்டாம். அது வேலியடைத்த இடத்தில் இயங்குகிறது, ஃபிளாட்சீல் என்ற சிறு கருவியில் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்கேனரைப் பற்றி மாடல் தெரியாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நெட்வொர்க்கில் இணையும் புதிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் வேலை செய்கின்றன; பழைய யூஎஸ்பி ஸ்கேனர்களில் பல சேன் என்ற ஸ்கேனர் டிரைவர் தொகுப்பின் தயவில் ஓடுகின்றன, சிலது எக்காலத்திலும் ஓடாது. நல்ல வேளையாக, ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. மின்டை ஒரு யூஎஸ்பி குச்சியில் எழுதி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கலாம். ஸ்கேனரைச் செருகி ஆவண ஸ்கேனர் மென்பொருளைத் திறந்து ஒரு தாளை ஸ்கேன் செய்யுங்கள். அப்படியே வைஃபை, ஒலி, பிரின்டர், மூடி வைத்தால் தூங்கி எழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆங்கிலம் அல்லாத மொழியில் தட்டச்சு செய்பவராக இருந்தால் உங்கள் விசைப்பலகை முறை கிடைக்கிறதா என்பதும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

எந்த மாற்றும் சரிவராத ஒன்றிரண்டு கட்டாயம் மிஞ்சும். அவற்றுக்கு வைன் இருக்கிறது. விண்டோஸ் மென்பொருளை நேரடியாக லினக்ஸில் ஓட்டும் இந்தத் திட்டம் 1993-இலிருந்து நடக்கிறது. ஃபூபார், இர்ஃபான்வியூ, நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற சிறியவை அதில் நன்றாக ஓடுகின்றன, பாட்டில்ஸ் என்ற முகப்பு வழியாக நிறுவினால் இன்னும் எளிது. பழைய போட்டோஷாப் சிலருக்கு ஓடுகிறது, சிலருக்கு இல்லை; அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சந்தா முறையில் வரும் புதிய ஆபிஸும் அடோபியும் வைனில் வேலைக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுகளுக்கு, ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் புரோட்டான் 2018-இல் வந்ததிலிருந்து நிலைமை வெகுவாக மாறிவிட்டது; வாலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி, ஏமாற்றுத் தடுப்பைக் கறாராக வைத்திருக்கும் விளையாட்டுகள் மட்டும் வராது. மேக்ரோ உள்ள எக்செல், ஏதோ ஒரு கருவியின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் மென்பொருள் போன்றவற்றுக்கு விர்ச்சுவல்பாக்ஸில் (லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கணினி போல இயங்குவது) விண்டோஸை நிறுவி வைத்துக்கொள்வது சரியான வழி. அதை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருந்தால் ஆதரவு முடிந்தது பற்றிய கவலையும் குறையும்.

கடைசியாக டிஸ்க் விஷயம். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டு இயங்குதளம் வைப்பதைவிட, புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டு அதில் மின்டை நிறுவிவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கழற்றுவதற்கு முன் விண்டோஸில் மூன்று வேலை: விண்டோஸை முழுதாக மூடவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுமையாக மூடுங்கள், இல்லையென்றால் லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதித்து, எழுத மறுக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அது இல்லாமல் அந்த டிஸ்க் வெறும் இரும்பு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைக் கோப்பாக எடுத்தால், புதிய இடத்தில் ஏற்றியதும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், அதில் எல்லாம் பச்சையாக எழுதியிருக்கும். அந்தப் பழைய டிஸ்க்கை ஒரு முழு வருடமாவது அழிக்காதீர்கள். தினமும் தொடும் மென்பொருள்களின் குறை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வரிக் கணக்குக்காகத் திறக்கும் அந்த ஒரு கோப்பு அதன் முறை வரும்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.